ஃபார்வர்ட் என்பது கையெழுத்து

(நாகபுரிக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மற்ற ஊர் உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்று ஆசிரியர் குழு கேட்டுக் கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



இலை போடுவதற்கு முன் எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து ரசத்தின் வாசனை வருகிறது. ஆகவே நீட்டி முழக்க மாட்டேன். செல்போனில் வரும் போலி லிங்குகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. 1971ல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, தபால் இலாகாவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். இந்த விஷயத்தைப் பற்றிப் பேச எனக்கு உள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். நான் தப்பு செய்தவன். அதைக் கடைசியில் சொல்லலாமா என்று யோசித்தேன். முதலிலேயே சொல்லி விடுவதுதான் நியாயம்.

2024 நவம்பர். பென்ஷன் வாங்கும் நமக்கெல்லாம் அந்த மாதம் என்ன மாதம் என்று தெரியும். உயிரோடு இருக்கிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய மாதம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். மேலே நாலு சிங்க முத்திரை. 'வாழ்நாள் சான்றிதழை வீட்டிலிருந்தே புதுப்பிக்கலாம், கடைசித் தேதி நெருங்குகிறது' என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. கீழே ஒரு லிங்க். நான் அதைத் திறந்து கூடப் பார்க்கவில்லை. 'பென்ஷனர்கள் கவனிக்கவும்' என்று ஒரு வரி சேர்த்து நம் கிளையின் குரூப்பில் போட்டு விட்டு மத்தியானத் தூக்கத்திற்குப் போய் விட்டேன்.

நம் உறுப்பினர் ஒரு மாமி. வயது 77. தனியாக இருக்கிறார். கணவர் காலமான பிறகு குடும்ப பென்ஷன். அந்த லிங்கைத் தொட்டார். திறந்த பக்கம் பென்ஷன் ஆர்டர் நம்பரைக் கேட்டது, கொடுத்தார். வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டது, கொடுத்தார். 'முகத்தைச் சரிபார்க்க இந்த ஆப்பை இறக்கிக் கொள்ளவும்' என்றது. இறக்கினார். அது கேட்ட அனுமதிக்கெல்லாம் 'சரி' என்று அழுத்தினார். அந்த அனுமதிகளில் ஒன்று, போனுக்கு வரும் எஸ்எம்எஸ்களைப் படிக்கும் அனுமதி. அதற்குப் பிறகு வங்கி அனுப்பும் ஓடிபி மாமிக்கு வந்தால் என்ன, திருடனுக்கு வந்தால் என்ன? அன்று ராத்திரி மூன்று தவணைகளில் 2,85,000 ரூபாய் போயிற்று.

மாமி இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பெங்களூரில் இருக்கும் பெண்ணிடம் கூடச் சொல்லவில்லை. வெட்கம். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். "மாமா, நீங்க போட்டதுனாலதான் நம்பித் தொட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

உடனே 1930க்குப் போன் செய்தோம். போலீஸுக்கும் வங்கிக்கும் எழுதிக் கொடுத்தோம். பணம் நாலைந்து கணக்குகளுக்குள் புகுந்து வெளியே போயிருந்தது. ஒரு கணக்கில் மிச்சம் இருந்த 41,000 ரூபாயை மட்டும் நிறுத்தி வைக்க முடிந்தது. பல மாதம் அலைந்த பிறகு அது கைக்கு வந்தது. மீதி 2,44,000 போனது போனதுதான்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. நம் குரூப்பில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையன் இருக்கிறான். நான் லிங்க் போட்ட ஒரு மணி நேரத்தில் அவன் பார்த்திருக்கிறான். போலி என்று புரிந்தும் விட்டது. ஆனால் சொல்லவில்லை. பிறகு என்னிடம் வந்து கண் கலங்கிச் சொன்னான்: "நீங்க பெரியவர், முன்னாள் செயலாளர். எல்லார் முன்னாடியும் தப்புன்னு எப்படிச் சொல்றதுன்னு தயங்கினேன் மாமா." என்ன சொல்வது அவனை? அப்படித்தானே வளர்த்திருக்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். திருடன் புத்திசாலி என்று சொல்லுகிறோம். அவன் அனுப்பியது இரண்டு வரி, ஒரு முத்திரை. மாமியின் வீட்டு வாசல் வரைக்கும் அதைக் கொண்டு போய்ச் சேர்த்தது என் பெயர் மேல் இருந்த நம்பிக்கை. வழியில் அதை நிறுத்தாமல் விட்டது என் வயதின் மேல் இருந்த மரியாதை. நம்பிக்கை, மரியாதை இரண்டும் நம் சமூகத்தின் சொத்து. அந்தச் சொத்தைத்தான் அவன் தனக்குத் தபால் தலையாக ஒட்டிக் கொண்டான்.

தபால் தலை என்று சொன்னதால் பழைய கதை ஒன்று. என்னைப் போல் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்குப் போஸ்ட் கார்டு வரும். 'இதை 21 பேருக்கு எழுதி அனுப்பினால் பெருமாள் அருளால் செல்வம் வரும், கிழித்துப் போட்டால் கஷ்டம் வரும்' என்று இருக்கும். அதையும் பயந்து கொண்டு அனுப்பினோம். ஆனால் 21 கார்டு வாங்கக் காசு வேண்டும், கை வலிக்க எழுத வேண்டும். அந்தச் செலவே ஒரு வடிகட்டி. இன்று விரலால் ஒரு தட்டு, செலவு கிடையாது. பத்து லட்சம் பேருக்கு அனுப்பி, பத்தாயிரத்தில் ஒருவர் விழுந்தால் கூட நூறு பேர். கணக்கு அவ்வளவுதான்.

இந்த மாதிரிக் குப்பைச் செய்திகளுக்கு ஆங்கிலத்தில் ஸ்பாம் என்று பெயர். அது 1937ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி விற்க ஆரம்பித்த டப்பா மாமிசத்தின் பெயர், அதுவும் பன்றி மாமிசம். சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவதற்கு மன்னிக்கவும். 1970ல் மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு தொலைக்காட்சியில் ஒரு காட்சி போட்டார்கள். ஹோட்டலில் எதைக் கேட்டாலும் அந்த டப்பாச் சரக்குதான். அந்த வார்த்தையே திரும்பத் திரும்ப வந்து மற்றவர்கள் பேசுவதை அமுக்கி விடும். கம்ப்யூட்டர்காரர்கள் அதிலிருந்து எடுத்துக் கொண்ட பெயர் இது. ஆனால் காரியம் பெயருக்கும் முந்தியது. 1978 மே மாதம் கேரி துர்க் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி அதிகாரி, அன்றைய ஆர்ப்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். அதைத்தான் முதல் ஸ்பாம் என்று சொல்லுகிறார்கள். பௌதிகத்தில் சிக்னல், இரைச்சல் என்று படித்தோம். அன்று வந்தது வெறும் இரைச்சல். இன்றைக்கு இரைச்சலே சிக்னல் வேஷம் போட்டுக் கொண்டு வருகிறது.

அந்த வேஷத்தைக் கலைப்பது எப்படி? மூன்று விஷயம் மட்டும் சொல்லுகிறேன். இதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம்.

முதலாவது, முகவரியை வால் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். நம் பெயர்களை எடுத்துக் கொள்ளுங்கள். கும்பகோணம் சுப்பிரமணியன் ராமநாதன் என்று ஒருவர். முதலில் ஊர், பிறகு அப்பா, கடைசியில்தான் ஆள். முன்னால் என்ன இனிஷியல் போட்டாலும் ஆள் ராமநாதன்தான். இணைய முகவரியும் அப்படியே. ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு, அடுத்த சாய்கோடு எங்கே வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். அந்த வால் 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று இருந்தால் அது இந்திய அரசாங்கத்தின் இடம். அதை வெளி ஆட்கள் வாங்க முடியாது. ஜீவன் பிரமாணின் முகவரி அப்படித்தான் முடிகிறது. திருப்பதி தேவஸ்தானத்தின் முகவரியும் 'டிடிதேவஸ்தானம்ஸ் டாட் ஏபி டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறது. நான் அனுப்பிய லிங்கிலும் 'ஜீவன்பிரமாண்' என்ற வார்த்தை இருந்தது, ஆனால் இனிஷியல் இடத்தில். வால் வேறு. சாய்கோட்டுக்குப் பிறகு 'ஜிஓவி டாட் இன்' என்று எழுதியிருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. வங்கிகளுக்கென்று 'டாட் பேங்க் டாட் இன்' என்ற தனி வாலை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்து, அந்த வருஷம் அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று கெடு வைத்தது.

எழுத்தையும் உற்றுப் பார்க்க வேண்டும். தமிழில் 'ர' எழுத்தும் துணைக்காலும் அச்சில் ஒன்று போல இருக்கும். தமிழ் எண் ஒன்றும் 'க' எழுத்தும் ஒரே உருவம். அதே போல ஆங்கிலத்தில் ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம், எம் எழுத்துக்குப் பதில் ஆர், என் என்று இரண்டெழுத்துச் சேர்த்து எழுதி ஏமாற்றுவார்கள். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். பூட்டு, நீங்கள் பேசுவது மூன்றாம் மனிதர் காதில் விழாது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். எதிரில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அல்ல. திருடனும் கதவைச் சாத்திக் கொண்டுதான் பேசுவான்.

இரண்டாவது, ஏபிகே என்ற மூன்று எழுத்து. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ஃபைலின் பெயர் புள்ளி வைத்து இந்த மூன்று எழுத்தில் முடிந்தால் அது போட்டோ அல்ல, பத்திரிகை அல்ல, ஒரு ஆப். தொட்டால் போனுக்குள் குடி வந்து விடும். 2024 ஜனவரியில் அயோத்தியில் பிராண பிரதிஷ்டை நடந்த சமயம், விஐபி தரிசன அனுமதி என்று சொல்லி இப்படி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதம் என்றும் வருகிறது. நம் நண்பர் ஒருவர் பெண்ணுக்கு வரன் விளம்பரம் கொடுத்தார். 'ஜாதகமும் போட்டோவும் அனுப்பியிருக்கிறோம், பார்த்துச் சொல்லுங்கள்' என்று அவருக்கும் ஒரு ஃபைல் வந்தது. நல்ல வேளையாக அவர் மாட்டுப்பெண் போனைக் கையிலிருந்து வாங்கி விட்டாள். பெண்ணைப் பெற்றவர் ஜாதகம் என்றால் திறக்காமல் இருப்பாரா? அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆப் எது வேண்டுமானாலும் போனிலேயே உள்ள பிளே ஸ்டோரில் நாமே தேடி எடுக்க வேண்டும். யாரோ நீட்டியதை வாங்கக் கூடாது.

மூன்றாவது, அவசரம். 'இன்று இரவு கரண்ட் கட்', 'கேஒய்சி முடிந்து விட்டது, கணக்கு முடக்கப்படும்' என்றெல்லாம் வரும். நான் சர்க்காரில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தவன். சர்க்கார் எந்தக் காரியத்தையும் இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்ததை நான் பார்த்ததில்லை. அவசரப்படுத்துகிறவன் சர்க்கார் அல்ல. வாழ்நாள் சான்றிதழுக்கு வங்கி இருக்கிறது, தபால் ஆபீஸ் இருக்கிறது, போஸ்ட்மேன் வீட்டுக்கு வந்தும் எடுத்துக் கொடுப்பார். லிங்க் வேண்டியதே இல்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024 அக்டோபர் 1 முதல், கம்பெனிகளும் வங்கிகளும் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் முன்கூட்டிப் பதிவு செய்யாத லிங்க் இருந்தால் அதைத் தடுக்க வேண்டும் என்று டிராய் உத்தரவு போட்டது. 2025 முதல் அந்த எஸ்எம்எஸ்களை அனுப்புகிறவர் பெயருக்குக் கடைசியில் ஒரு எழுத்து வருகிறது. பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பணப் பரிவர்த்தனை, ஜி அரசாங்கம். சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து 'உங்கள் வங்கி' என்று வந்தால் அது உங்கள் வங்கி அல்ல. ஆனால் இந்த விதிகள் வாட்ஸ்அப்பைக் கட்டுப்படுத்தாது. அங்கே காவல்காரர்கள் நாம்தான்.

ஆகவே எல்லா ஊர்க் கிளைகளுக்கும் என் வேண்டுகோள்.

குரூப்பில் யார் லிங்க் போட்டாலும், அது எங்கிருந்து வந்தது, தான் திறந்து பார்த்தாரா என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் போட வேண்டாம். ஆபீஸில் படிக்காத ஃபைலில் நாம் கையெழுத்துப் போடுவோமா? ஃபார்வர்ட் செய்வதும் கையெழுத்துத்தான். இரட்டை அம்புக்குறியோடு வந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். 2018ல் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. நாம் ஐந்து ஐந்தாக அனுப்பிக் கொண்டிருக்கிறோம்.

அட்மின் சந்தேகமான லிங்கை உடனே எல்லோருக்குமாக அழிக்கலாம், அந்த வசதி இருக்கிறது. ஆனால் சத்தமில்லாமல் அழித்தால் போதாது. அதற்குள் யார் தொட்டார்களோ தெரியாது. 'இன்ன லிங்க் போலி, அழித்து விட்டோம், தொட்டவர்கள் உடனே கூப்பிடவும்' என்று எழுத வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர்களைப் போனில் கூப்பிட்டே கேட்க வேண்டும்.

சில சமயம் போட்டவர் நிரபராதியாக இருப்பார். அவர் வாட்ஸ்அப்பையே திருடன் பிடித்திருப்பான். போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யாருக்காவது சொல்லி விட்டால் அப்படி நடக்கும். செட்டிங்ஸில் அக்கவுன்ட் என்ற இடத்தில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருக்கிறது. இன்று சாப்பிட்டு விட்டுப் போவதற்குள் பக்கத்தில் உள்ள பிள்ளைகளிடம் கொடுத்துப் போட்டுக் கொள்ளுங்கள். நம் உறுப்பினர் டைரக்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயர், வயது, விலாசம், போன் எல்லாம் அதில் இருக்கிறது. அதைப் படம் பிடித்துக் குரூப்பில் போடாதீர்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று. பெரியவர் போட்ட லிங்க் போலி என்று தெரிந்தால் சபையிலேயே சொல்லுங்கள். 'மாமா, இது போலி, எடுத்து விடுங்கள்' என்று ஒரு வரி போதும். அது அவமரியாதை இல்லை. பெரியவர்கள் சார்பில் நான் உத்தரவு கொடுக்கிறேன். பெரியவர்களே, அப்படி ஒரு பையன் சொன்னால் 'சரிப்பா, நன்றி' என்று எழுதுங்கள். என் பேரன் வயசு, எனக்குச் சொல்ல வந்து விட்டான் என்று எழுதாதீர்கள்.

பணம் போய் விட்டால் முதல் வேலை 1930. அப்புறம் வங்கி. அதற்கு அப்புறம் அழுகை. 1930ல் சொன்னதும் பணம் போன கணக்குகளை வரிசையாகத் தேடி நிறுத்தி வைக்கப் பார்க்கிறார்கள். திருடன் அதை எடுப்பதற்குள் சொன்னால்தான் பலன். 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை ஒரு கொள்கையை வகுத்தது. வாடிக்கையாளர் கவனக்குறைவால் ரகசிய எண்ணைக் கொடுத்து விட்டால், வங்கிக்குச் சொல்லும் வரை ஆன நஷ்டம் அவருடையது. சொன்ன பிறகு ஆகும் நஷ்டம் வங்கியுடையது. சொல்லும் நேரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று இதிலிருந்தே தெரியும். பணம் போகவில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால் சஞ்சார் சாத்தியில் உள்ள சக்ஷு என்ற இடத்தில் புகார் செய்யலாம்.

மாமி இரண்டு நாள் வெட்கப்பட்டதில் போனது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வெட்கத்தை உண்டாக்கியது நாம்தான். 'படிச்சவா இப்படி ஏமாறலாமா' என்று நாம்தானே பேசுகிறோம். ஏமாந்தவரைக் கேலி செய்கிற ஒவ்வொரு வார்த்தையும் அடுத்தவர் வாயை அடைக்கிறது. திருடனுக்கு அதை விட என்ன உபகாரம் வேண்டும்?

நான் அந்தப் பணத்தை என் சேமிப்பிலிருந்து கொடுக்கிறேன் என்று மாமியிடம் போனேன். காபி கொடுத்தார். "நீங்க என்ன திருடினேளா? வேண்டாம். இனிமே எதையும் பார்க்காம அனுப்பாதேங்கோ" என்றார். இன்று இதைப் பேசுவதற்கும் அவரிடம் அனுமதி கேட்டேன். பேரைச் சொல்லாமல் சொல்லச் சொன்னார்.

என் போன் நம்பர் டைரக்டரியில் இருக்கிறது. எந்த ஊர் உறுப்பினரானாலும், ஒரு லிங்கைத் தொடுவதற்கு முன் சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள். எனக்குத் தெரியாவிட்டால் அந்தப் பையனைக் கேட்டுச் சொல்லுகிறேன். ராத்திரி பதினோரு மணியானாலும் பரவாயில்லை. அந்த நவம்பருக்குப் பிறகு நான் மத்தியானம் தூங்குவதும் இல்லை.

இலை போட்டாகி விட்டது என்று கை காட்டுகிறார்கள்.